செக்குபந்தி: நிலம், வீடு, ஊர் – வாசகர் கேள்வி பதில்

சேலத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலக வாசலில் 38 வருஷம் பத்திரம் எழுதினேன். 2018-ல் ஸ்டார் 2.0 என்ற பதிவுத்துறை இணைய முறை வந்து எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனதும் பேனாவை மூடிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் எட்டை எடுத்திருக்கிறேன். சொத்து விவகாரம், பேரைப் போட்டால் பங்காளிச் சண்டை வரும். அதனால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அம்மாப்பேட்டை வாசகி: ஐயா, எங்கள் மாமனார் வீடு பழைய தறி வீடு. வாசல் 14 அடிதான், உள்ளே 84 அடி போகிறது. என் கணவரோடு சேர்த்து மூன்று ஆண்கள், இரண்டு நாத்தனார்கள். புரோக்கர் சொல்கிற விலை ஃபேர்லேண்ட்ஸ் விலையில் பாதிகூட இல்லை. மெயின் ரோட்டுக்கு நடந்தால் ஐந்து நிமிஷம். எங்கள் மண்ணுக்கு என்ன குறை?

மண்ணுக்கு ஒரு குறையும் இல்லையம்மா. வாசலுக்குத்தான் குறை.

அந்த 14 அடியை யாரும் கஞ்சத்தனமாக விட்டுவிட்டுப் போகவில்லை. முன்னறையில் குழித்தறி, தெருக்கதவு வழியாக வெளிச்சம். அதற்குப் பின்னால் சமையல், கிணறு, கடைசியில் நூல் நனைக்கிற இடம். தறிக்காரருக்கு அகலமான வாசல் தேவைப்படவில்லை. நீளம் வேண்டியிருந்தது பாவு, அதாவது தறிக்கான நீளவாட்டு நூல், ஓட்டத்தான். அதற்குத் தெரு இருந்தது, பாவடி இருந்தது. வெயில் ஏறுவதற்குள் மூங்கில் கவை நட்டு, நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, ஆளுக்கொரு பக்கம் நின்று நீவிக்கொண்டே போவார்கள். நான் தொழிலுக்கு வந்த 1980-ல் காலை ஏழு மணிக்கு அந்தத் தெருவில் சைக்கிளை ஓட்ட முடியாது. இறங்கி, குனிந்து, தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

பாவடி என்பது தறிக்காரர்கள் எல்லாருக்கும் பொதுவாக விட்ட இடம். தமிழ், தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் என்று நாலு பாஷை பேசுகிற ஜனம். ஆனாலும் பாவடியை யாரும் தன் பேருக்கு எழுதிக்கொள்ள மாட்டார்கள். எழுதச் சொல்லி என்னிடம் வந்தவரும் இல்லை. பாவடி என்ற பேரில் சேலத்தில் பள்ளிக்கூடமே இருக்கிறது. இன்றைக்குப் பெரிய லேஅவுட் போடுகிறவர் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளி விட வேண்டும் என்று சட்டம் வைத்து, அதற்கும் ஆயிரம் தகராறு.

தறி போய்விட்டது. தறிக்காகக் கட்டின வீடு அப்படியே நிற்கிறது. ஃபேர்லேண்ட்ஸ், கார் உள்ளே வந்து திரும்ப வேண்டும் என்று நினைத்தவர்கள் கட்டின இடம். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளைப் பாருங்கள். எத்தனை மாடி எழுப்பலாம், எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதில் ரோட்டு அகலத்துக்குத்தான் முதல் பேச்சு. உங்கள் தெருவில் அதே மண்மேல் அடுக்கக் கூடிய சதுர அடி குறைவு. புரோக்கர் கணக்குப் போடுவது அதை வைத்துத்தான்.

இனிப் பாகம். தாத்தா வழிச் சொத்தாக இருந்தாலும், மாமனார் சுயமாக வாங்கி எழுதிவைக்காமல் போயிருந்தாலும், நாத்தனார்களுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்ணுக்குப் பூர்வீகத்தில் பிறப்புரிமை வந்துவிட்டது. அன்றைக்குக் கல்யாணம் ஆனவர்களை மட்டும் விட்டிருந்தார்கள். 2005-ல் மத்தியச் சட்டம் அந்த வேலியையும் எடுத்தது. மாமியார் இருந்தால் அவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐந்து பாகம் என்றே வைத்தாலும் 14 அடியை நீளவாக்கில் கிழித்தால் ஆளுக்கு மூன்று அடிகூட வராது.

இப்படித்தான் சேலத்தில் குகை என்கிற பகுதியில் ஒரு வீட்டுக்குப் போனேன். மூன்று அண்ணன் தம்பிகள். 'வாசல் எல்லாருக்கும் வேணும், நீளவாக்குல போடுங்க' என்று ஒரே பிடிவாதம். டேப் பிடித்து, சாக்பீஸில் கோடு போட்டோம். சின்னவர் தன் பாகத்தில் குறுக்கே படுத்துப் பார்த்தார். தலை சுவரில் இடித்தது, கால் நடு அண்ணன் பாகத்தில் கிடந்தது. ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அவருடைய சம்சாரம்தான் முதலில் சிரித்தது. அன்றைக்கே பேச்சு மாறி, பெரியவர் மற்ற இரண்டு பேர் பாகத்தையும் விலைக்கு எடுத்துக்கொண்டார்.

நீங்களும் பிரிக்காதீர்கள். புரோக்கரை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிப் பாருங்கள். வேறு யாருக்கும் உங்கள் வாசல் 14 அடி. அவருக்கு மட்டும் அது 28 அடி. அவர் தரக்கூடிய விலையை இன்னொருவர் தர முடியாது. நாத்தனார்களை முதல் நாளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். கடைசியில் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிட்டால் வர மாட்டார்கள். வரவும் வேண்டியதில்லை.

கன்னங்குறிச்சி வாசகர்: 1,200 சதுர அடி மனை, பேசிய விலை 36 லட்சம். சர்க்கார் வைத்த வழிகாட்டி மதிப்புப்படி 14 லட்சத்து 40 ஆயிரம்தான் வருகிறது. பத்திரத்தில் அதை மட்டும் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாகக் கொடுக்கச் சொல்கிறார் விற்பவர். 'ஊரே இப்படித்தான்' என்கிறார் புரோக்கர். நான் அரசு ஊழியன். பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான். ஊரே இப்படித்தான் என்பதும் பொய் இல்லை. இந்தக் கையால் அப்படி எத்தனையோ எழுதியிருக்கிறேன். சாட்சிக்கு வந்தவர் டீ குடிக்கப் போன நேரத்தில் என் மேஜைக்கு அடியில் மஞ்சப்பை கை மாறும். நான் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கணக்கைப் பார்ப்போம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 36 லட்சத்துக்கு 3 லட்சத்து 24 ஆயிரம். 14.40 லட்சத்துக்கு 1 லட்சத்து 29 ஆயிரத்து 600. இன்றைக்கு மிச்சம் 1 லட்சத்து 94 ஆயிரத்துச் சொச்சம். சந்தோஷம்தான். சில வருஷம் கழித்து 50 லட்சத்துக்கு விற்கிறீர்கள், வாங்குகிறவர் முழுத்தொகையும் வங்கியில்தான் போடுவேன் என்கிறார் என்று வையுங்கள். காகிதத்தில் உங்கள் லாபம் 14 லட்சம் இல்லை, 35 லட்சத்து 60 ஆயிரம். 12.5 சதவீத வரி போட்டால் 1.75 லட்சம் கட்ட வேண்டிய இடத்தில் 4.45 லட்சம். பத்திரச் செலவைக் கழிக்காத தோராயக் கணக்குதான். ஆனாலும் இன்றைக்கு மிச்சம் பிடித்ததைவிட அன்றைக்குப் போவது அதிகம். போதாததற்கு, வங்கிக் கடன் கேட்டால் பத்திரத்தில் எழுதின தொகையைத்தான் மேனேஜர் முதலில் பார்ப்பார். நிலம் விற்பதில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கின தொகை அளவுக்கே அபராதம் என்று 2015 முதல் சட்டம் இருக்கிறது. விற்பவருக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த மஞ்சப்பை எங்கிருந்து வந்தது? விற்பவர் வாங்குபவர் குணத்தில் இருந்து மட்டும் வரவில்லை. 2017 ஜூனில் அரசாங்கம் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. நல்லதுதானே என்று வாய் திறப்பதற்குள் பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 ஆக்கியது. மொத்தம் 11 சதவீதம். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய இடத்துக்கே ஏற்றி, கட்டணத்தை 2 ஆக்கினார்கள். அந்த ஆறு வருஷம் சர்க்கார் விலைக்கும் சந்தை விலைக்கும் நடுவில் இருந்த பள்ளம் இன்னும் ஆழமானது. பள்ளம் இருந்தால் தண்ணீர் தேங்கத்தானே செய்யும்? அந்த ரொக்கத்தை வங்கியில் போட முடியாது. அது இன்னொரு மனையைத்தான் தேடிப் போகும். சேலத்தைச் சுற்றி வெள்ளையடித்த கல்லும் கருவேல முள்ளுமாக வருஷக்கணக்கில் கிடக்கிற மனைகளில் பாதி, வீடு கட்ட வாங்கியதே இல்லை. பணத்தைப் படுக்க வைக்க வாங்கியது. கட்டுகிறவனுக்கு இடம் கிடைக்காமல், கிடைத்தால் விலை கட்டாமல் போவது அதனால்தான்.

விற்பவரை ஒரு ஆடிட்டரிடம் கூட்டிப்போங்கள். 2024 ஜூலைக்கு முன் வாங்கிய சொத்துக்கு, விலைவாசி ஏற்றத்தைக் கழித்து 20 சதவீதமா, கழிக்காமல் 12.5 சதவீதமா, எது குறைவோ அதைக் கட்டலாம். வீடு வாங்கினாலோ கட்டினாலோ விலக்கும் உண்டு. முக்கால்வாசிப் பேருக்கு வரியைவிட வரி என்ற வார்த்தைதான் பெரிசு. அப்படியும் ஒத்துவரவில்லையா, வேறு மனை பாருங்கள்.

அயோத்தியாப்பட்டணம் வாசகர்: சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைக்குக் கல் நட்டதில் இருந்து எங்கள் பக்கம் நிலத்தை விற்கவும் முடியவில்லை, அடமானம் வைக்கவும் முடியவில்லை. நாளைக்கு எடுத்தால் நியாயமான விலை கிடைக்குமா?

ஐயா, 2018-ல் கல் நட்டார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கை செல்லும் என்றது. தீர்ப்பு மாறி மாறி வந்ததே தவிர, ரோடு வரவில்லை. ஆனால் ரோடு வருவதற்கு முன்பே ரோட்டின் நிழல் விழுந்துவிட்டது. வருகிறது என்றால் ஓரத்து நிலம் ஏறுகிறது, நடுவில் மாட்டின நிலம் செத்துப்போகிறது. ஒரே காட்டுக்கு இரண்டு விதி. வரப்புக்கு இந்தப் பக்கம் தம்பி கோடீஸ்வரன், அந்தப் பக்கம் அண்ணன் கோர்ட்டுக்கு நடக்கிறார்.

விலையைப் பற்றிக் கேட்டீர்கள். 2013 நிலமெடுப்புச் சட்டப்படி, முத்திரைச் சட்ட வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். சுற்றுவட்டாரத்தில் முந்தைய மூன்று வருஷத்தில் பதிவான கிரயப் பத்திரங்களில் அதிக விலை காட்டின பாதியின் சராசரி இன்னொரு பக்கம். எது கூடுதலோ அதுதான் அடிப்படை. அதைக் கிராமப்புறத்துக்கான மடங்கால் பெருக்கி, அதற்குச் சமமாக ஆறுதல் தொகை சேர்ப்பார்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு எடுத்தாலும் இப்போது இதே கணக்குதான்.

மேலே கன்னங்குறிச்சிக்காரருக்குச் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். உங்கள் ஊரில் ஏக்கர் நாற்பது லட்சத்துக்கு விற்று எட்டு லட்சம் என்று எழுதின பத்திரங்கள்தான் அந்தச் சராசரியில் உட்கார்ந்திருக்கின்றன. அதிகாரி எட்டை எடுத்துக் காட்டும்போது, நாற்பதுக்குப் போனது என்று நிரூபிக்கக் காகிதம் இருக்காது. அந்த மாதிரி விசாரணைக்கு வந்த ஒரு பெரியவர் தன் கையெழுத்துப் போட்ட பத்திரத்தையே பார்த்து 'இது பொய்ங்க' என்றார். எழுதினது நான். தலையைக் குனிந்துகொண்டேன்.

நெத்திமேடு வாசகி: ஆடி மாசத்தில் பதிவு செய்யலாமா? மனை வேறு தெற்குப் பார்த்தது. மாமியார் வேண்டாம் என்கிறார்.

ஆடியில் பதிவு அலுவலகத்தில் ஈ ஓட்டுவோம். டோக்கனுக்குச் சண்டை இல்லை, சார்பதிவாளர் சிரித்த முகமாக இருப்பார், எழுத்துப்பிழையை இரண்டு தரம் சரிபார்க்க நேரம் கிடைக்கும். பதினெட்டாம் பெருக்கு அன்று மட்டும் கல்யாண வீட்டுக் கூட்டம். என் வீட்டை நான் ஆடி 23-ல் பதிந்தேன். விற்றவருக்குப் பெண் கல்யாணம் ஆவணியில், அவசரம். ஐப்பசி வரை காத்திருந்தால் அந்த விலைக்கு எனக்குக் கிடைத்திருக்காது.

தெற்குப் பார்த்ததும் அப்படித்தான். எந்த லேஅவுட்டை எடுத்தாலும் வடக்கும் கிழக்கும் முதல் மாதம் காலி, தெற்கும் தெருக்குத்தும் கடைசியில் நிற்கும். விலை குறைந்து நிற்பதற்குக் காரணம், நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் ஒரு மாமியார் வருவார் என்ற பயம். நம்பிக்கை இல்லாதவனும் நம்புகிறவனுக்குத்தானே விற்க வேண்டும்? அதனால் வாங்கிக் குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் தெற்கு லாபம். தென்றலும் அந்த வாசலில்தான் வரும். விற்கப் போகிறீர்கள் என்றால் மாமியார் பேச்சைக் கேளுங்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் சேலத்து வாசகர்: ஏற்காட்டில் எஸ்டேட்டுக்குள் 10 சென்ட் ஃபார்ம் பிளாட், நாலு மணி நேரத்தில் காரில் வந்துவிடலாம் என்கிறார்கள். 'பிரிபடாத பாகம்' என்று பதிவு செய்வார்களாம். வாங்கலாமா?

தம்பி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, குளிரில் ஒரு காபி குடித்த கையோடு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். இறங்கி வந்து, வேர்த்து, அப்புறம் யோசியுங்கள்.

சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். காபி விலை பேசினவரை யாரும் எஸ்டேட்டைக் கூறு போடவில்லை. நிலச் சீர்திருத்தத்தில் 1961-ல் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றும், 1970-ல் அதை 15 என்றும் உச்சவரம்பு கொண்டுவந்தபோது தோட்டப் பயிருக்கு விலக்குக் கொடுத்தார்கள். கீழே சமவெளியில் பெரிய பண்ணை உடைந்தது, மேலே எஸ்டேட் முழுசாக நின்றது. 1989 ஜூலையில் உலக நாடுகளின் காபி ஒப்பந்தத்தில் இருந்த கோட்டா முறை முறிந்து விலை சரிந்தது. 90-களின் நடுவில் காபி போர்டு மொத்தமாகக் கொள்முதல் செய்வதையும் விட்டுவிட்டது. பிள்ளைகள் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். பழம் பறிக்க ஆள் இல்லை. எஸ்டேட்காரர்கள் பாகப்பிரிவினை டிராஃப்ட்டுக்காக என் மேஜைக்கு இறங்கி வர ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். லண்டனில் காபிக்கு விலை விழுந்தால் சேலத்தில் எனக்கு வேலை!

இப்போது அங்கே விலை வைப்பது காபி இல்லை, உங்கள் பெங்களூர்ச் சம்பளம். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து பழம் பறித்த குடும்பத்துப் பையன் தன் ஊரில் மூன்று சென்ட் வாங்க முடியாது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்கிறேன்.

ஏன் 'பிரிபடாத பாகம்'? தனி மனையாகக் காட்டினால் லேஅவுட் அனுமதி வேண்டும். மலையில் அதற்கு 'ஹாக்கா' என்று எல்லாரும் சொல்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதலும் வேண்டும். 1990-ல் இருந்து இருக்கிற ஏற்பாடு. மரம் வெட்ட 1955 சட்டப்படி தனி அனுமதி. இதெல்லாம் வாங்க முடியாதவர் செய்கிற குறுக்கு வழி, இரண்டு ஏக்கரை இருபது பேருக்கு 'பாகமாக' எழுதுவது. உங்கள் பத்து சென்ட் எது என்று பத்திரம் சொல்லாது. விற்பவர் கையால் வரைந்த படம்தான் சொல்லும். பட்டா கூட்டுப் பட்டா. இருபது பேரில் ஒருவர் கோர்ட்டுக்குப் போனாலும் இருபது பேரும் ஏறி இறங்க வேண்டும். வீடு கட்ட அனுமதி கேட்டால் முதல் கேள்வியே 'லேஅவுட் எங்கே' என்பதுதான். இன்னொன்று. மலைவாழ் மக்களுக்கோ நிலமற்றவர்களுக்கோ சர்க்கார் ஒப்படை செய்த கண்டிஷன் பட்டா நிலம் நடுவில் கலந்திருக்கும். அது விற்கக் கூடாத நிலம். எத்தனை கை மாறி வந்தாலும் விற்கக் கூடாத நிலம்தான். மூலப் பத்திரத்தில் இருந்து படித்துப் பார்க்க ஒரு வக்கீலுக்குக் கொடுக்கிற பணம் தண்டம் இல்லை.

வருஷத்துக்குப் பத்து நாள் தங்கத்தான் ஆசை என்றால் லாட்ஜில் தங்குங்கள். தோட்ட விலக்கு தோட்டத்துக்குக் கொடுத்தது.

ஐந்து ரோடு வாசகர்: வயது 29. வாடகை 15 ஆயிரம். அதே மாதிரி வீடு 60 லட்சம் சொல்கிறார்கள். வாங்குவதா, வாடகையிலேயே இருப்பதா?

வருஷ வாடகை 1 லட்சத்து 80 ஆயிரம். 60 லட்சத்துக்கு அது 3 சதவீதம். 50 லட்சம் கடன், எட்டரை வட்டி, இருபது வருஷம் என்றால் மாதம் சுமார் 43,400 தவணை. கணக்கு வாத்தியார் வாடகையிலேயே இரு என்பார். ஆனால் தம்பி, உனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது. பெண் வீட்டார் கேட்கிற முதல் கேள்வி சம்பளம், இரண்டாவது 'சொந்த வீடா?'. அந்த 60 லட்சத்தில் மாப்பிள்ளை மரியாதைக்கும் ஒரு விலை அடங்கியிருக்கிறது. இந்த ஊரில் வீட்டு விலை வாடகைக்கு ஒட்டாமல் நிற்பதற்கு அது பாதிக் காரணம். அந்த விலையைக் கொடுக்க உனக்கு இஷ்டமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். நான் கொடுத்தேன்.

அஸ்தம்பட்டி வாசகர்: மகன் சிங்கப்பூரில் அரசாங்க அடுக்குமாடியில் இருக்கிறான். அவ்வளவு சுத்தம், ஒழுங்கு. இங்கே ஏன் முடியவில்லை?

அங்கே அவர்கள் முதலில் செய்த காரியத்தை இங்கே யாராவது செய்தால் நீங்களே கொடி பிடிப்பீர்கள் ஐயா. 1960-ல் வீட்டு வசதி வாரியம் அமைத்தார்கள். 1966-ல் நிலமெடுப்புச் சட்டம் போட்டு, சந்தை விலையைவிடக் குறைத்துக் கொடுத்து நிலத்தை வாங்கிக் குவித்தார்கள். 1968 முதல் சேமநிதியில் இருந்தே வீட்டுத் தவணை கட்டலாம் என்றார்கள். இன்றைக்கு அங்கே குடியிருப்போரில் நான்கில் மூன்று பேருக்கு மேல் வாரிய வீட்டில் இருக்கிறார்கள். உங்கள் மகன் வாங்கியிருந்தாலும் அது 99 வருஷக் குத்தகைதான். பேரனுக்கு மண் இல்லை. இங்கே அடுக்குமாடி வாங்க வருகிறவர்கூட 'எனக்கு எத்தனை சதுர அடி யு.டி.எஸ்.?' என்று, அதாவது மண்ணில் பிரிபடாத பங்கு எவ்வளவு என்று, கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். நம் வாரியமும் 1961-ல் வந்ததுதான். ஆனால் இங்கே வாரியத்திடம் பலர் கேட்டது மனை, வீடு இல்லை.

எனக்கு அங்கே பிடித்தது வேறொன்று. 1989-ல் இருந்து ஒவ்வொரு பிளாக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று அளவு வைத்திருக்கிறார்கள். அதனால் விற்க ஆள் கிடைக்காமல் சிரமப்படுகிறவர்களும் உண்டு, குறை இல்லாமல் இல்லை. நான் 1980-ல் சேலத்தில் வாடகைக்கு வீடு தேடினபோது ஒரு வீட்டு அம்மா தண்ணீர் கொடுத்து, ஊர் கேட்டு, அப்பா பேர் கேட்டு, மெதுவாக 'நீங்க என்ன ஆளுங்க?' என்றார். சொன்னேன். சொம்பைக் கழுவி வைத்துவிட்டு, தம்பிக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம் என்றார். இரண்டு மாதம் அந்த 'வாடகைக்கு' போர்டு அப்படியே தொங்கியது. இன்றைக்கு அதே கேள்வியை 'சைவமா?' என்று கேட்கிறார்கள். அவ்வளவுதான் மாற்றம்.

சூரமங்கலம் வாசகர்: இந்தப் பகுதிக்கு ஏன் 'செக்குபந்தி' என்று பேர்? இன்னொன்று. எங்கள் பத்திரத்தில் 'வடக்கே இட்டேரி' (வேலிகளுக்கு நடுவில் போகிற வண்டிப்பாதை) என்று இருக்கிறது. அங்கே இப்போது பக்கத்துக்காரர் கார் ஷெட் போட்டிருக்கிறார். என்ன செய்ய?

பத்திரத்தில் சொத்து விவரம் எழுதும்போது நாலு பக்கமும் யார், எது என்று சொல்வதுதான் செக்குபந்தி. எங்கள் தொழிலில் மற்றதெல்லாம் சம்பிரதாய வாசகம், உயிர் அங்கேதான். நிலத்துக்குச் சொந்தமாக ஒரு அடையாளமும் கிடையாது. பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான் அது எது என்று சொல்ல வேண்டும். விலையும் அப்படித்தான்.

கன்னங்குறிச்சி ரோட்டுப் பக்கம் ஒரே நிலத்துக்கு மூன்று பத்திரம் என் கையில் வந்தது. முதலாவது 1962, எனக்கு முந்தின தலைமுறை எழுத்து. 'கிழக்கே கிணற்றடிப் புளியமரம், தெற்கே சின்னான் வகையறா புஞ்சை, மேற்கே கல்லாங்குத்து, வடக்கே தென்வடல் இட்டேரியில் சேரும் கிழமேல் இட்டேரி.' படித்தாலே வெயில் அடிக்கும். இரண்டாவது 1994, சேலம் மாநகராட்சி ஆன வருஷம். நான் எழுதினது. 'கிழக்கே மனை எண் 15, தெற்கே 20 அடி ரோடு, மேற்கே மனை எண் 13, வடக்கே பூங்கா.' அனுமதி இல்லாத லேஅவுட். பூங்கா காகிதத்தில் பச்சையாக இருந்தது, தரையில் கோரைப்புல். மூன்றாவது 2016 செப்டம்பரில் வந்தது. அனுமதியில்லா மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்ன வாரம். முத்திரைத்தாள் வாங்கியாகிவிட்டது, கட்சிக்காரர் வேனில் வந்து இறங்கிவிட்டார், பதிய முடியாது. 2017-ல் வரன்முறை விதிகள் வந்து, கட்டணம் கட்டி, அப்புறம்தான் பதிந்தது. அதில் 'வடக்கே பூங்கா' இருந்த இடத்தில் 'வடக்கே மனை எண் 27' என்று இருந்தது. அதற்கு நான் எழுதுபவன் இல்லை, டைப் அடித்த பையன் கேட்டதற்குப் பதில் சொன்னவன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சர்வே எண்ணைச் சொல்லி எஃப்.எம்.பி. ஸ்கெட்ச், அதாவது நில அளவை வரைபடம், நகல் எடுங்கள். இட்டேரி அதில் தனியாக உட்பிரிவு எண்ணோடு வண்டிப்பாதைப் புறம்போக்காக இருக்கிறதா, அல்லது பட்டா நிலத்தோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு தாலுகா அலுவலகத்தில் பணம் கட்டி சர்வேயரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். அளக்கிற அன்றைக்குப் பக்கத்துக்காரரையும் கூப்பிட்டு, அவர் பத்திரத்தில் 'தெற்கே' என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லுங்கள். அங்கேயும் 'இட்டேரி' என்று இருந்து, புறம்போக்கு என்றும் தெரிந்தால், ஷெட் எடுக்க வேண்டியதுதான். ஆனால் எடுத்த இடத்தில் உங்கள் காரை நிறுத்தலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடினால், அதையும் அன்றைக்கே விட்டுவிடுங்கள்.